ஆள் இல்லையா, கூலி இல்லையா?

தொழில் அமைப்புகள் நடத்தும் எந்த விழாவுக்குப் போனாலும் இந்தப் புகார் காதில் விழும்: "வேலை கொட்டிக் கிடக்குதுங்க, தகுதியான ஆள்தான் கிடைக்கிறதில்ல." மேடையில் இருக்கும் அமைச்சரோ ஆட்சியரோ தலையசைப்பார். தன் முறை வந்ததும், இதுவரை இத்தனை லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி அளித்திருக்கிறோம் என்று ஓர் எண்ணைச் சொல்வார். எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன. டெல்லிக்கு 2015 முதல் 'ஸ்கில் இந்தியா', சென்னைக்கு 2022 முதல் 'நான் முதல்வன்'. பெயரும் படமும்தான் வேறு. வேலையில்லாதவரிடம் ஏதோ குறை இருக்கிறது, சில மாதப் பயிற்சியில் அது தீர்ந்துவிடும், செலவு கொஞ்சம்தான், பலிக்காவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் ஒன்றே.

'நான் முதல்வன்' பெரும்பாலும் கல்லூரிக்குள் நடப்பது. அதை வேறு கணக்கில்தான் பார்க்க வேண்டும். நான் பேச வந்தது, வேலையில்லாதவர்களைத் திரட்டி நடத்தும் குறுகியகாலப் பயிற்சிகளைப் பற்றி. அவற்றில் மிகப் பெரியது பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம். இந்த வகைப் பயிற்சியின் பலன் சொல்லப்படுவதைவிட மிகக் குறைவு, செலவு எழுதப்படுவதைவிட மிக அதிகம், அந்தச் செலவில் பெரும்பங்கைச் சுமப்பவர் வேலையில்லாதவரே என்பதுதான் என் வாதம்.

முதலில் 'ஆள் கிடைக்கவில்லை' என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். தக்காளிக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறுகிறது. தேர்ந்த தொழிலாளிக்குத் தட்டுப்பாடு என்றால் கூலி ஏற வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனி கேட்டுகளில் 'டைலர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் ஆட்கள் தேவை' என்ற அட்டை வருடம் முழுக்கத் தொங்குகிறது. அந்த அட்டையைக் காட்டித்தான் தையல் பயிற்சித் திட்டங்கள் போடப்படுகின்றன. ஆனால் அந்த ஊரில் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டைலர்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சி மையத்திலும் கற்றவர்கள் இல்லை. கைமடிக்கும் உதவியாளாகச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடந்த மெஷினில் வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்த்துக் கை பழகியவர்கள். அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. சொந்த ஊர்ப் பிள்ளைகள் வராததற்குக் காரணம் தையல் தெரியாதது அல்ல. பீஸ் ரேட் கூலி, ஒன்றரை ஷிப்ட் வேலை, ஆர்டர் இல்லாத மாதத்தில் சும்மா உட்காருவது, லைன் வீட்டு வாடகை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வராமல் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வருகிறார்கள், ஏனென்றால் அங்கே கணக்கு வேறு.

முதலாளிகள் தரப்பில் இதற்குப் பதில் இருக்கிறது. "வெளிநாட்டு பையர் கொடுக்கிற விலையில் இதற்குமேல் கூலி கட்டாது" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் பிரச்சினை விலை. அதைத் திறன் பற்றாக்குறை என்று பெயர் மாற்றி அரசின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட்கள் சுருங்கின. அந்த வாரத்தில் எந்த டைலரின் கையும் தொழிலை மறந்துவிடவில்லை.

இதைவிடப் பெரிய பாடம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை செய்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் அதில் ஏராளம். உலகத் தரத்தில் கைப்பேசி செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள். வருமான வரித் தகராறில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதே வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்து மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களில் யாருக்கு எந்தப் பயிற்சி குறைவாக இருந்தது? பின்னாளில் மின்னணு ஆலைகள் மறுபடி வந்தபோது, பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து, ஆலைக்குள்ளேயே சொல்லிக்கொடுத்து லைனில் நிறுத்தினார்கள். ஆலை வந்தால் பயிற்சியும் கூடவே வந்துவிடுகிறது. பயிற்சி கொடுத்து வைத்தால் ஆலை வருமா என்றால், ஸ்ரீபெரும்புதூர் 'ஆம்' என்று சொல்லவில்லை.

இன்னொரு புள்ளிவிவரமும் இந்த நம்பிக்கைக்கு இடைஞ்சலாக நிற்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. சும்மா இருக்க அவர்களுக்கு வசதியில்லை, அவ்வளவுதான். ஆனால் வேலைக்காகக் காத்திருக்கும் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் சான்றிதழ் உள்ளவர்கள் என்பது தெளிவு. "அந்தப் பட்டங்களுக்கு மதிப்பில்லை, அதனால்தான் திறன் பயிற்சி" என்று பதில் வரும். மூன்று ஆண்டுப் படிப்பு செய்யாததை முந்நூறு மணி நேர வகுப்பு செய்துவிடும் என்று நம்ப அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இனி பலன் கணக்கு. கௌசல் விகாஸ் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களை, அதாவது 2015 முதல் 2022 வரை, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்து தந்த அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மொத்த ஒதுக்கீடு சுமார் 14,450 கோடி ரூபாய். சான்றிதழ் பெற்றவர்கள் சுமார் 1.1 கோடி. மேடைகளில் சொல்லப்படும் எண் இந்த 1.1 கோடிதான். இதில் குறுகியகாலப் பயிற்சியும் சிறப்புத் திட்டப் பயிற்சியும் முடித்தவர்கள் 56 லட்சம் பேர். மீதி ஏறக்குறைய பாதிப் பேர், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற பெயரில் சில நாள் உட்காரவைத்துக் கொடுத்த சான்றிதழ்காரர்கள். கொத்தனாரிடம் போய் 'நீ கொத்தனார்' என்று எழுதிக் கொடுப்பதில் தவறில்லை; அவரை வேலையின்மையை ஒழித்த கணக்கில் சேர்ப்பதுதான் தவறு. அந்த 56 லட்சத்தில் வேலையில் அமர்ந்ததாகப் பதிவானவர்கள் 41 சதவீதம்.

நூற்றுக்கு 41 என்பது மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அதைப் பலன் என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கே போகாமல் இருந்திருந்தால் அந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கும்? இருபத்திரண்டு வயதில் வேலையில்லாமல் இருப்பவர் இருபத்து மூன்று வயதிலும் அப்படியே இருக்கப்போவதில்லை. மாமா கடையிலோ, நண்பன் சொன்ன கிடங்கிலோ, உணவு டெலிவரியிலோ எங்காவது சேர்ந்திருப்பார். பயிற்சி முடித்தபின் அதே கிடங்கில் அவர் சேர்ந்தால் அது திட்டத்தின் சாதனையாக ஏறிக்கொள்கிறது.

இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேடிய நாடுகள் உண்டு. துருக்கியில் அரசு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்திய பயிற்சிகளுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தது. ஏறக்குறைய ஆறாயிரம் விண்ணப்பதாரர்களைக் குலுக்கலில் பிரித்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஓராண்டு கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் வேலைவாய்ப்பில் இருந்த வித்தியாசம் நூற்றுக்கு இரண்டளவில்தான். அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவு. எவ்வளவு பலன் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிகாரிகள் சொன்னது இதைப்போலப் பல மடங்கு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கள் மையத்திலிருந்து வேலைக்குப் போனவர்களைப் பார்த்தார்கள், மையத்துக்கு வராமலே வேலைக்குப் போனவர்களைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. உலக வங்கியின் பொருளியலாளர் டேவிட் மெக்கன்சி வளரும் நாடுகளில் நடந்த இத்தகைய சோதனைகளை 2017இல் தொகுத்துப் பார்த்து, நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் அதனால் மட்டுமே கூடுதலாக வேலை பெறுபவர்கள் மூன்று பேருக்கும் குறைவு என்ற முடிவுக்கு வந்தார். இந்தியாவிலும் அது மூன்றேதான் என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் 41க்கும் 3க்கும் நடுவே எங்கோதான் உண்மை இருக்கிறது. நம் ஊரில் அதைத் தேடாமலே 41ஐப் படித்துவிட்டு உட்காருகிறோம்.

அந்தக் கூடுதல் மூன்று பேரும்கூட வேறு யாருடைய இடத்தில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்று இலவச வகுப்பு நடக்கிறது; டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு நல்ல ஆசிரியர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். 2024 குரூப் 4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டு, 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பயிலும் வட்டத்தில் படித்த ஒருவர் தேர்வானால் அவருக்கு அது வாழ்க்கை. ஆனால் இருபது லட்சம் பேரும் பயிலும் வட்டத்தில் படித்தாலும் அதனால் ஓர் இடம்கூட அதிகமாகாது. கட் ஆஃப்தான் ஏறும். ஏழைப் பிள்ளைக்கும் வாய்ப்பு வரட்டும் என்ற நியாயத்துக்காக அந்த வகுப்பை நான் ஆதரிக்கிறேன். வேலையின்மையைக் குறைக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

தனியார் வேலைகளிலும் இது நடக்கிறது. பிரான்சில் புருனோ கிரெபோனும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் செய்த பெரிய சோதனை 2013இல் வெளியானது. அது பயிற்சியைப் பற்றியது அல்ல, படித்த இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் திட்டத்தைப் பற்றியது. ஆனால் அதன் பாடம் இங்கும் பொருந்தும். ஒரு ஊரில் கால்வாசிப் பேருக்கு, இன்னோர் ஊரில் பாதிப் பேருக்கு, வேறோர் ஊரில் எல்லாருக்கும் என்று உதவியைப் பகிர்ந்து பார்த்தார்கள். உதவி பெற்றவர்கள் சற்று வேகமாக வேலைக்குப் போனார்கள். அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி, அதே ஊரில் உதவி பெறாதவர்கள் பின்தங்கியதால் வந்தது. வேலை குறைவாக இருந்த ஊர்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. கொஞ்ச காலத்தில் ஆதாயமும் கரைந்துபோயிற்று. வரிசையில் பின்னால் நின்ற ஒருவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதற்கு அரசு பணம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செலவுப் பக்கம் திரும்பினால், ஒதுக்கீட்டைச் சான்றிதழ் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்குச் சுமார் 13 ஆயிரம் ரூபாய் என்று சொல்லிவிடலாம். மலிவுதான். ஆனால் இந்தக் கணக்கில் பயிற்சிக்கு வந்தவரின் நாள்கள் இல்லை. முந்நூறு மணி நேரப் பயிற்சியை நாளுக்கு ஐந்து மணி நேரம் நடத்தினால் 60 நாள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலியே 336 ரூபாய். அறுபது நாளுக்கு இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. சித்தாள் கூலியிலோ கடைச் சம்பளத்திலோ கணக்கிட்டால் இன்னும் ஏறும். அரசு ஒருவருக்குச் செலவழிப்பதைவிட அதிகமாக அந்த ஏழை தன் பையிலிருந்து போடுகிறார். பஸ் கட்டணம் தனி. 'இலவசப் பயிற்சி' என்று எழுதிய பேனரைப் பார்க்கும்போதெல்லாம் யாருக்கு இலவசம் என்று கேட்கத் தோன்றுகிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றில், பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய மையம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கைரேகைக் கருவி. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், திட்டத்தின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்களும் தொப்பிகளும் பிரிக்காத கட்டுகளாக, சுவரில் தொடக்க விழாப் படம். டேட்டா என்ட்ரி வகுப்பு. பாதிப் பேர் டிகிரி முடித்த பெண்கள். குரூப் 4 அறிவிப்புக்குக் காத்திருக்கிறார்கள். "வீட்ல சும்மா இருந்தா மாப்ள பாக்க ஆரம்பிச்சிடுவாங்க சார்" என்றாள் ஒருத்தி. அந்தப் பயிற்சியால் அவளுக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த நன்மை திட்ட அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதைத்தான் கவனித்தேன். அவளைச் சேர்த்துவிட்ட மொபிலைசருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். மாதக் கடைசியில் பேட்ச் நிரம்பாவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

இப்படி மையங்கள் முளைப்பதற்குக் காரணம் தனிமனிதர்களின் பேராசை மட்டுமல்ல, பணம் போகும் வழியும்தான். கௌசல் விகாஸ் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் வந்ததும் 50 சதவீதம், வேலையில் அமர்த்தியபின் 20 சதவீதம் என்று பணம் கொடுத்தார்கள். ஒருவருக்கும் வேலை வாங்கித் தராமலே எண்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றால் வியாபாரி எதைச் செய்வார்? ஆள் சேர்ப்பார், தேர்வில் தேறவைப்பார். தணிக்கை அறிக்கை கண்டதும் இதைத்தான். பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் நூற்றுக்கு 94 பேருக்கு மேல் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருந்தது. நிரப்பிய இடத்திலும் 11111111111, 123456 போன்ற எண்கள். ஒரே படம் பல பயனாளிகளுக்கு ஒட்டப்பட்டிருந்தது. இதில் ஊழலை மட்டும் பார்த்துக் கொதித்துவிட்டு நின்றுவிடுவது எளிது. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் தலைகள் தயாரிக்கப்படும். நேர்மையானவர்கள் நடத்தியிருந்தாலும் வேலை வந்திருக்காது.

அரசு என்ன செய்தது? நான்காம் கட்டத்தில், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கைத் திட்டத்திலிருந்தே பிரித்துவிட்டது. பயிற்சி பெற்றவர் தன் வாழ்க்கைப் பாதையைத் தானே தேர்ந்தெடுக்கும் வலிமை பெறுவதே நோக்கம் என்று நாடாளுமன்றத்தில் பதில் தருகிறார்கள். ஜுரம் குறையவில்லை என்றதும் தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு இப்போது வருகிறேன். டேவிட் கார்ட், யோகென் க்ளுவே, ஆந்த்ரேயா வெபர் மூவரும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, பயிற்சியின் பலன் உடனே தெரியாது, இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியும் என்கிறது. கொலம்பியாவில் மூன்று மாத வகுப்பும் மூன்று மாதம் கம்பெனியில் நேரடி அனுபவமும் கொடுத்த திட்டத்தால் பெண்களின் வருமானம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. உகாண்டாவில் ஆறு மாதம் முழுநேரமாகத் தொழில் கற்றவர்கள் முன்னேறினார்கள். இவை எல்லாம் உண்மை, ஏற்கிறேன். ஆனால் இவற்றில் எது செருப்புக் கடை மாடியைப் போல இருக்கிறது? இவை நீண்டவை, ஒரு தொழிலை முழுதாகக் கற்பித்தவை, அல்லது பயிற்சியின் பாதியைக் கம்பெனிக்குள் நடத்தியவை. நம் ஊரில் அதற்கு இணை ஐடிஐயில் இரண்டு ஆண்டு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்பும், 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டமும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் கேளுங்கள், எந்தச் சான்றிதழைப் பார்த்து ஆள் எடுப்பார் என்று. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடியில் மேம்படுத்த தமிழ்நாடு அரசு எடுத்த முடிவு, குறுகியகால வகுப்புகளுக்குக் கொட்டுவதைவிட நிச்சயம் நல்லது. ஐடிஐக்கு நல்ல பெயர் இருக்கிறது என்பதற்காக மூன்று மாத வகுப்பை அதன் நிழலில் நிறுத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அங்கேயும் மயங்கிவிடக் கூடாது. பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலைப் பணிமனை போன்ற ரயில்வே இடங்களில் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பயிற்சி முடித்தவர்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். நாட்டிலேயே நல்ல பயிற்சி பெற்றவர்களில் அவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், 'பயிற்சி' என்ற பெயரில் குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பதில் இந்த மாநிலத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில் கிராமத்துப் பெண்களை மூன்று ஆண்டு 'பயிற்சியாளர்' என்று விடுதியில் வைத்து, கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்றுதான் வேலை வாங்கினார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளில் 'நீம்' (NEEM) என்ற மத்திய அரசுத் திட்டத்தின் பயிற்சியாளர்கள் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று அதே வேலையைப் பார்த்தார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. இரண்டாண்டில் அந்த பேட்ச் போய் அடுத்த பேட்ச். 'பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை' என்று மேடையில் சொன்ன தொழில்துறையே, தான் பயிற்சி கொடுத்த ஆளைக் காலம் முடிந்ததும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

"அப்போ வேலையில்லாத பிள்ளைகளை அப்படியே விட்டுவிடச் சொல்கிறாயா?" என்பது கடைசியாக வரும் கேள்வி. இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வரும் வகுப்புகளில் குலுக்கலில் ஆளெடுங்கள். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இரு தரப்பின் பி.எஃப். கணக்கையும் ஓராண்டு கழித்துப் பார்த்து, பெயரில்லாமல் வித்தியாசத்தை மட்டும் வெளியிடுங்கள். பி.எஃப். இல்லாத வேலைக்குப் போனவர்களை நேரில் தேடிக் கேளுங்கள். முப்பது, ஐம்பது, இருபது என்ற விகிதத்தைத் தலைகீழாக்கி, பெரும்பகுதிப் பணத்தை ஒருவர் வேலையில் ஓராண்டு நிலைத்த பிறகு கொடுங்கள். பயிற்சிக்கு வருபவருக்குக் குறைந்தபட்சம் நூறு நாள் வேலையின் கூலியைத் தினமும் கொடுங்கள். அப்போதுதான் திட்டத்தின் உண்மையான விலை அரசின் ஏட்டில் ஏறும். ஆள் வேண்டும் என்று கேட்கும் நிறுவனம், எத்தனை பேரை என்ன சம்பளத்துக்கு எடுக்கும் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். இப்படிச் செய்தால் பாதி மையங்கள் மூடிக்கொள்ளும் என்று அதிகாரி ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். மூடட்டும். அரசு ஐடிஐகளில் பயிற்றுநர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன; மிச்சமாகும் பணத்தில் முதலில் அவற்றை நிரப்பலாம்.